மண்டோரும் செண்டுடோக் செடியும்

பாராங் கத்தியோடு தங்கராஜு பின் சந்துக்குள் வந்தபோது நான் செண்டுடோக் செடியை மறைத்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. ரவாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பே கூடித் துப்புரவு செய்யும் நாள். குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர். கெர்லிங் பக்கச் செம்பனைத் தோட்டத்தில் எனக்கு மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவரும் அவரேதான். வேலையை விட்டு வந்த பிறகும் அடுத்த வீட்டில் அவர்தான் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

"தள்ளு நவமணி. காட்டுச் செடிக்குப் போயி அடம் புடிக்காத லா."

இருபத்திரண்டு வருடம் அவர் கைகாட்டிய செண்டுடோக்குக்கெல்லாம், முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவள் நான். செம்பனையின் உரத்தைத் தின்னும் களை என்றார். ஒன்றையும் விடவில்லை. மறுவாரம் ஊதாப் பூக்கள் கருகித் தொங்கும். அப்போது மனம் வலித்தது என்றால் பொய்; எப்போது வீட்டுக்குப் போவோம் என்பதுதான் நினைப்பு. இப்போதுதான் வலிக்கிறது. ரோட்டோரம் முளைத்திருந்த ஒரு கன்றைக் கொண்டுவந்து இந்த லோங்காங் சாக்கடை ஓரம் நட்டேன். உரம் கேட்கவில்லை, வெயிலுக்கு வாடவில்லை. இரண்டே வருடத்தில் என் தோளைத் தொட்டுவிட்டது. இதையும் வெட்டினால் எனக்குத் தாங்காது.

"வெட்டலாம் மண்டோரே. போன வருஷம் ஒங்க கத்திரி பூத்துப் பூத்துக் கொட்டுச்சி. இந்த வருஷம் தெரு முழுக்கப் பை பையா காய் குடுத்தீங்க. எப்படி?"

"நான் போட்ட ஒரம்."

"ஒரமா? செத்த நில்லுங்க."

அவரிடம் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கே ஆச்சரியம்.

கட்டை விரல் பருமனில் ஒரு கருவண்டு வந்தது. ஊதாப் பூவைக் கட்டிப் பிடித்து, உடம்பு முழுவதும் அதிர 'உர்ர்' என்று உதறியது. பிறகு அவர் வேலியைத் தாண்டிப் போய்க் கத்தரிப் பூவில் தொங்கியபடி அதே உதறல். பின்னாலேயே இன்னொன்று. தங்கராஜு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுக்கா இங்க வருது?"

"இந்த வருஷம் இது பூத்த பொறவுதான் வருது. அது ஒதறினாத்தான் மகரந்தம் கொட்டிக் காய் புடிக்கும்."

புல் வெட்டும் மெஷின்காரர் சத்தத்தோடு எங்களை நெருங்கிவிட்டார். சந்தில் மிச்சம் இந்தச் செடி மட்டும்தான். தங்கராஜு என்னைப் பார்க்கவில்லை. பாராங்கை இடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தோட்டத்தில் லோரியை நிறுத்துவதுபோல் ஒரு கையை உயர்த்தினார். மெஷின் அடங்கியது. என்ன செய்வது என்று மெஷின்காரர் அவர் முகத்தையே பார்க்க, எங்கள் முதுகுக்குப் பின்னால் வண்டுகள் பூக்களை உதறிக்கொண்டிருந்தன.