கோவிந்தன் அலசிய விதை

ஏரியூர்ப் பக்கம் முப்பது வருஷமாகப் பயிர் வைப்பவன் கோவிந்தன். விதை என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், அதன்பிறகு இவன் வாயை மூடமாட்டான். அப்படிப்பட்ட மேதாவியின் வீட்டில்தான் பெண்டாட்டி அமுதவல்லி காளான் கொட்டாய் போட்டாள். காளான் வளர்ப்புப் பயிற்சிக்குத் தன்னோடு வரச்சொல்லிக் கேட்டாள். "எனக்கா? பயிற்சியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

நல்லம்பள்ளியில் மாதவராஜ் வீட்டுக் கல்யாணம். பிரியாணிக்கு இருபது கிலோ காளான் தருவதாக அமுதவல்லி ஒப்புக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதுதான் முதல் ஆர்டர். முகூர்த்தத்துக்கு இருபத்தைந்தே நாள், விதை வந்த அன்றைக்கே வைக்கோலோடு அடைத்துப் பை கட்டினால்தான் காளான் நேரத்துக்கு வரும். தருமபுரியில் சொல்லிவைத்து வாங்கிய விதைப் பாக்கெட்டுகளைக் கொட்டாயில் வைத்துவிட்டு, பாலித்தீன் பை வாங்கக் கடைக்கு ஓடினாள்.

கோவிந்தன் ஒரு பாக்கெட்டைப் பிரித்தான். உள்ளே சோளம்! அதுவும் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பிடித்து, கட்டி கட்டியாக. அடப்பாவிகளா, விவரம் தெரியாதவள் தலையில் கெட்டுப்போனதைக் கட்டியிருக்கிறார்களே! அத்தனை பாக்கெட்டையும் அண்டாவில் கொட்டி, மஞ்சள்தூள் போட்டு, மூன்று தண்ணீர் அலசி மொட்டை மாடியில் காயப்போட்டான்.

அமுதவல்லி வந்ததும் பெருமையாகக் காட்டினான்.

"பாரு புள்ள, ஒரு பொட்டு பூசணம் இல்ல."

"யோவ்! அந்தப் பூசணந்தான்யா விதை! சோளம் அதுக்குத் தீனி!"

"பூசணத்துல ஏதுடி விதை?"

"காளானே ஒரு பூசணந்தான்யா. கொடையாட்டம் விரிஞ்சதும் அடியில தூளு கொட்டும், அதுல வெள்ள நூலு கிளம்பும். அந்த நூலு வைக்கோல்ல ஓடுனாத்தான் மொட்டு வரும். பூத்துக் காய்ச்சு விதை உதிரும்னு நெனச்சியா?"

மாடியிலேயே உட்கார்ந்து அழுதாள். புது விதைக்கு எட்டு நாள் ஆகும் என்று போனில் சொல்லிவிட்டார்கள். மாதவராஜைக் கூப்பிட்டு அவளே மன்னிப்புக் கேட்டாள். கோவிந்தன் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தான்.

கல்யாணப் பந்தியில் உருளைக்கிழங்கு பிரியாணி. காளான் என்னாயிற்று என்று பக்கத்து இலைக்காரர் கேட்டதுதான் தாமதம், கோவிந்தன் தொண்டையைச் செருமினான்.

"விதை சரியில்லைங்க. இப்பல்லாம் எவன் நல்ல விதை தரான்?"

பந்தி விசாரித்துக்கொண்டு வந்த மாதவராஜ் நின்றார். எதிர் வரிசையில் அமுதவல்லி நிமிர்ந்தாள்.

"விதை நல்ல விதைதாங்க. எங்கூட்டுக்காரருதான் மஞ்சத் தேச்சுக் குளிப்பாட்டி வெயில்ல போட்டுட்டாரு."

வரிசையே சிரித்தது. கோவிந்தன் இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை. அடுத்த மாதம் தன் மூத்த மகளுக்கு வளைகாப்பு, அதற்காவது காளான் வருமா என்று மாதவராஜ் கேட்டார்.

"வரும்ங்கண்ணா. கொட்டாய்க்குப் பூட்டு வாங்கிட்டேன். சாவி எங்கிட்டதான்."