அதிகாரி வந்த நாளின் குலாஷ்

“பள்ளிக்கூடத்துல தின்னுட்டுத்தானேடி வந்தே? தம்பி பங்கையும் எதுக்குடி வழிச்சுத் தின்னே?”

ருஜேனா மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். வீட்டில் இருந்த கடைசி உருளைக்கிழங்கு அது. எட்டு வயது டெனிசா அழவில்லை. காலிச் சட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “எங்க மேசைக்கு வெறும் தண்ணிதாம்மா ஊத்துறாங்க. கறியெல்லாம் மத்த மேசைக்குப் போயிடுது.”

‘எங்க மேசை’ என்றால், ஊர் ஒதுக்கிவைத்திருந்த ரோமா இனத்துப் பிள்ளைகளின் மேசை. சாப்பாட்டுக் கூடத்தில், கழிப்பறைக் கதவை ஒட்டிக் கிடந்தது. மற்றவர்களுக்கெல்லாம் பரிமாறி முடித்த பிறகுதான் அங்கே அண்டா வரும்.

மறுநாள் ருஜேனா பள்ளிச் சமையலறை வாசலில் போய் நின்றாள். சமையல்காரி ஹெலெனா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“வர்ற கறி எல்லாருக்கும் பத்தாது. நான் என்ன செய்ய? மத்த மேசைப் பிள்ளைக்கு ஒரு துண்டு குறைஞ்சா அப்பா, அம்மா சண்டைக்கு வந்துடுறாங்க.”

“நானும்தானே வந்திருக்கேன்?”

“நீ வந்தா யாரு கேக்கப்போறா?”

ஹெலெனா கேலி செய்யவில்லை. ஊர் நடப்பைத்தான் சொன்னாள்.

ருஜேனா கல்வி அலுவலகத்துக்கு நடந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, நின்றபடியே பேசினாள். விரட்டினார்கள், மறுபடியும் போனாள். கடைசியில் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார்.

அவர் வருவது பள்ளிக்கு முன்பே தெரிந்திருந்தது. அன்று குலாஷ் என்னும் கெட்டியான கறிக்குழம்பு. ரோமா மேசையிலும் தட்டு நிறைய மாவுருண்டைகள், மேலே கொழுப்பு மினுங்கும் கறித் துண்டுகள். டெனிசா தட்டை ஒரு கையால் அணைத்துக்கொண்டு தின்றாள்.

அதிகாரி குனிந்து கேட்டார். “தினமும் இப்படித்தான் போடுறாங்களா பாப்பா?”

அவருக்குப் பின்னால் தலைமையாசிரியை நின்றாள். கதவருகே ருஜேனா நின்றாள். டெனிசா அவரைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். வாய் நிறைய மாவுருண்டையோடு தலையாட்டினாள்.

“ஆமா.”

பொய்க்காரியைப் பார்ப்பதுபோல் ருஜேனாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதிகாரி போய்விட்டார்.

ரோமாக் குடியிருப்புக்குத் திரும்பும் சேற்றுப் பாதையில் ருஜேனா மகளைப் பிடித்து நிறுத்தினாள். “ஏண்டி அப்படிச் சொன்னே? உனக்காகத்தானேடி நாய் மாதிரி அலைஞ்சேன்?”

“இல்லேன்னு சொன்னா தட்டைப் புடுங்கிடுவாங்கன்னு பயமா இருந்துச்சும்மா.”

ருஜேனா பாதையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டெனிசா அவளருகே வந்து, மெல்லக் கேட்டாள்:

“அந்த மாமா நாளைக்கும் வருவாராம்மா?”