சாமி மரத்துத் தேனீ

பொன்னுமணிக்கு ஆற்றாமை தாங்கவில்லை. எத்தனை தடவைதான் ஒரே விஷயத்தைச் சொல்வாள்? குரங்கணிக்கு மேலே இருந்த குடும்ப ஏலக்காய்த் தோட்டத்தில், கீழ்ச்சரிவு மரங்களையெல்லாம் கொழுந்தன் காசிமாயன் வெட்டி, போடி மரக்கடைக்கு லோடு ஏற்றிவிட்டான். அடுத்த பருவத்தில் அங்கே ஏலச்செடிகள் பூவாய்ப் பூத்தன, காய் பிடிக்கவில்லை. மரத்தோடு தேனீயும் போய்விட்டது, தேனீ உட்காராத பூ எப்படிக் காய்க்கும் என்று கேட்டாள். பூச்சி வந்துதான் தோட்டம் விளையணுமா என்று அவன் சிரித்தான். புருஷன் போனபிறகு அவளுக்குப் பிழைப்பே அந்தத் தோட்டம்தான். இவனுக்குச் சிரிப்பு வருகிறது!

இந்த வருஷம் மேல்சரிவுக் காட்டுப்பலாவையும் வெட்ட ஆள் பேசிவிட்டான். மலைத்தேனீ கூடு கூடாய்த் தொங்கும் மரம் அது. இனி சொல்லிப் பிரயோசனமில்லை என்று, பொன்னுமணி விடியுமுன் போய் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் வைத்தாள். கருப்பசாமி கனவில் வந்து அங்கேதான் இருக்கிறேன் என்றதாகக் கூசாமல் புளுகினாள். கோடாரிக்காரர்கள் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். காசிமாயனுக்கு முகம் வெளிறிவிட்டது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

அதோடு விட்டானா மனுஷன்? சாமி மரத்தை வெட்டப் பார்த்த குற்றத்துக்குக் கிடா நேர்ந்துகொண்டான். ஏலம் பூக்கத் தொடங்கிய வைகாசியில், கீழே சிலமலை ஊரிலிருந்து சொந்தபந்தமெல்லாம் மலையேறி வந்தது. பொன்னுமணி பொங்கலுக்குத் தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால், சாமி இடம் சுத்தமாக இருக்கணுமென்று புதர், கொடி ஒன்று விடாமல் செதுக்கியிருந்தார்கள். அதுகூடப் போகட்டும். கும்பிட வந்தவர்களைக் கொட்டிவிடுமென்று பச்சைத்தழையில் புகை போட்டு, பந்தம் பிடித்து, கூடுகளைத் தீய்த்திருந்தார்கள். கருகிய தேனீக்கள் தரையெல்லாம் கிடந்தன.

“தம்பி, என்ன காரியம்யா பண்ணிட்ட?”

“இனிமே இந்த மரத்த ஒரு பய தொடமாட்டான் மதினி,” என்றான் காசிமாயன், கண் கலங்க. “வருசா வருசம் இங்கனயே பொங்க வைப்போம்.”

அவளுக்குத் தேனீக்காகத்தான் சாமியைக் கூட்டிவந்தேன் என்று வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் சாமி பொய்யாகிவிடும். நாளைக்கே மரம் கீழே கிடக்கும்.

“சாமி ஒங்க கனவுலதான வந்துச்சு. மொதல்ல நீங்க கும்பிடுங்க மதினி.”

தேங்காயை அவள் கையில் கொடுத்தான். சுற்றிலும் செடியடியில் ஏலப்பூ அத்தனையும் விரிந்திருந்தது, ஒரு ரீங்காரம் இல்லை. பொன்னுமணி தேங்காயை உடைத்துவிட்டுக் கும்பிட்டாள்.