மாஸ்டர் வீட்டு உப்பு

மாஸ்டர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எல்லாம் இருக்கும், உப்பு ஜாடி மட்டும் இருக்காது. சமைத்தவன் போட்ட உப்புக்கு மேல் சாப்பிடுகிறவன் ஒரு சிட்டிகை போட்டாலும் அது சமைத்தவன் கன்னத்தில் அறைந்த மாதிரி என்பது மாஸ்டரின் சட்டம். தொழிற்சாலைக் கேன்டீனில் நானூறு பேருக்குச் சமைக்கிறவர் அவர். வீட்டிலும் மூன்று வேளையும் அவர் சமையல்தான். அடுப்புப் பக்கம் வேறு யாரும் தலைகாட்டக் கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு. தட்டு காலியாகும்வரை சாப்பாட்டைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது. காலியானதும் அவரே "எப்படி?" என்று கேட்பார். "சரியா இருக்கு" என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்தச் சட்டத்தை உடைத்தே தீருவது என்று முடிவு செய்துகொண்டுதான் மகள் படியேறி வந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். வேலைக்குப் பக்கத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வருவாள். போன ஞாயிறு அம்மாவின் கணுக்கால் வீங்கியிருப்பதைப் பார்த்தவள், வாரத்தின் நடுவில் லீவு போட்டு அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ரத்த அழுத்தத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, "உப்பைக் குறைக்கலைன்னா சிறுநீரகம் கையை விரிச்சிடும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா ஒரே பாட்டுத்தான் பாடினாள். "அப்பாகிட்ட சொல்லிடாதடி. சமையல்ல குறை சொன்னா அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு. மாத்திரை போட்டுக்கறேன், போதும்."

"நீ உடைஞ்சு போனா பரவாயில்லையா?" என்று மகள் கேட்டதற்கு அம்மா ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தாள்.

மேஜையில் அண்ணன் ஏற்கனவே உட்கார்ந்திருந்தான். செருப்புக் கடையில் விற்பனையாளன். கடைக்கு வருகிறவர்களிடம் எந்தச் செருப்பைப் பார்த்தாலும் உங்களுக்கு அம்சமாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே குணம் ஒட்டிக்கொண்டது. அதனால் அவனுக்கு வீட்டில் 'சரிசரி' என்றே பெயர். முக்கால்வாசி நாள் வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்று கம்பி நீட்டிவிடுவான். ஞாயிறு மட்டும் தப்ப வழியில்லை.

அப்பா பெரிய பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்தார். கோழியும் உருளைக்கிழங்கும் போட்ட சூப். ஆளுக்கொரு தட்டில் சோறு போட்டு, அவரே அளவு பார்த்து ஊற்றினார். வாசனைக்கு ஒரு குறையும் இல்லை. மகள் ஒரு வாய் வைத்தாள். தொண்டை எரிந்தது. கடல் தண்ணீர் பரவாயில்லை, அதை யாரும் சூடாக்கிக் கொடுப்பதில்லை. சரிசரி ஒரு வாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று கணக்காக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். அம்மாவோ தேன் குடிக்கிற முகத்தோடு தட்டை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று நீட்டினாள்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. கரண்டியை எடுத்தார்.

மகள் கையை நீட்டி அம்மாவின் தட்டை மூடினாள். "நிறுத்துங்கப்பா. உப்பு அதிகம்."

கரண்டி அப்படியே நின்றது. சரிசரி தன் தட்டுக்குள்ளேயே புகுந்துகொள்ளப் பார்த்தான்.

"என்ன சொன்ன?"

"உப்பு அதிகம்னு சொன்னேன். இன்னைக்கு மட்டும் இல்ல, ரொம்ப நாளா. அம்மாவுக்கு பிரஷர் எகிறிக் கிடக்கு. கால் வீங்கினது அதனாலதான். உப்பு கூடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "அப்படியா? முட்டி வலின்னுல்ல சொன்ன?"

"அவ கிடக்குறா. வெளியே கண்டதைத் தின்னு அவ நாக்கு செத்துப் போச்சு" என்றாள் அம்மா. "சரியா இருக்குங்க. நீங்க ஊத்துங்க."

"சரியாத்தான் இருக்கு" என்று சரிசரியும் ஜால்ரா போட்டான்.

"பார்த்தியா?" அப்பாவின் குரல் ஏறியது. "நானூறு பேர் வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடறான். நீ நேத்து முளைச்சவ, எனக்கு உப்பு அளவு சொல்றியா? உப்புப் போட்டுத்தான சாப்பிடுற நீ?"

"அதைத்தாம்பா நானும் சொல்றேன். நிறையவே போட்டு."

"கையை எடு."

மகள் எடுக்கவில்லை. அவள் வேலை செய்யும் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கீழே நிற்கிற யார் 'நிறுத்து' என்று சொன்னாலும், சொன்னவன் நேற்றுச் சேர்ந்தவனாக இருந்தாலும், மேலே இருக்கிறவள் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஏன் எதற்கு என்பதெல்லாம் அப்புறம். அதை அவள் இப்போது சொன்னாள்.

"இது உன் துறைமுகம் இல்ல. என் சமையல்" என்றார் அப்பா.

"தொங்கறது என் அம்மா. கையை எடுக்க மாட்டேன். நான் பொய் சொல்றேன்னா நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

அப்பா அம்மாவுக்கு ஊற்ற எடுத்த கரண்டியை அப்படியே தன் வாய்க்குக் கொண்டுபோனார். ஒரு வாய் இல்லை, கரண்டி முழுவதையும் குடித்தார். நாக்கு என்று ஒன்று உள்ள எந்த மனிதனும் அதைத் துப்பியிருப்பான். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. வெந்நீர் குடித்த மாதிரி விழுங்கிவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார். ஆனால் அதை அவர் மகளிடம் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பரீட்சையில் பக்கத்துப் பையனின் தாளைப் பார்க்கிறவன் மாதிரி சொன்னார்.

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரம் மூக்குக்கு மேல் நின்ற கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"அப்பா, உங்களுக்கு ருசி தெரியுதா?"

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கரண்டியைத் துடைத்தார். துடைத்த கரண்டியையே மறுபடி துடைத்தார்.

"போன வருஷம் காய்ச்சல்ல படுத்தேனே, அதோட போச்சு" என்றார். "உப்பு, புளிப்பு, இனிப்பு ஒண்ணும் தெரியல. கேன்டீன்ல பிரச்சினை இல்ல, பாத்திரத்தை இறக்கறதுக்கு முன்னாடி மூணு பேர் ருசி பார்த்துச் சொல்லணும். வீட்டுல யார் இருக்கா? உங்கம்மா முகத்தைப் பார்த்துத்தான் போடுவேன். ரெண்டாவது தடவை கேட்டா சரியா இருக்குன்னு அர்த்தம். கேட்டுக்கிட்டே இருந்தா. கொஞ்சம் தூக்கலா இருந்தாத்தான் பிடிக்குது போலன்னு நானும் போட்டுக்கிட்டே வந்தேன்."

அம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "உப்பு ஏற ஏற, இவருக்குக் கை தப்புதேன்னு பயந்துட்டேன்டி. அது அவருக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ரெண்டாவது தடவை கேட்டேன்."

இந்த அன்புக்கு முதுகில் நாலு வைத்தால் தேவலை என்று மகளுக்கு இருந்தது. அவர் மனசு நோகக் கூடாதென்று இவள் கேட்க, இவள் ஆசைப்படுகிறாள் என்று அவர் போட, ஒருவர் மேல் ஒருவர் வைத்த பாசத்திலேயே வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கும்.

"சரி, அழுதது போதும்" என்று எழுந்தாள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கவிழ்த்தாள். சரிசரி நிம்மதியாக மூச்சு விட்டான்.

"எழுந்திரிங்கப்பா. பசிக்குது."

"நாளைக்குப் பார்த்துக்கலாம்மா."

"நாளைக்கு இல்ல, இப்பவே. நீங்கதான் சமைக்கணும். நான் பக்கத்துல நிப்பேன்."

அடுப்புப் பக்கம் வேறு ஆள் நிற்பதா என்று அவர் கேட்கவில்லை. மீதி உருளைக்கிழங்கை நறுக்கினார். கத்தி முன்பு போலவே கண் இமைக்கிற வேகத்தில் ஓடியது. கை தப்பவே இல்லை. கொதி வந்ததும் விரல் நுனியில் உப்பை எடுத்து, தூவ ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க" என்றாள் மகள்.

மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. ஏன் எதற்கென்று கேட்காமல், விரலில் மிச்சம் இருந்ததை ஜாடியிலேயே உதறினார்.

நால்வரும் மறுபடி உட்கார்ந்தார்கள். அம்மா ஒரு வாய் எடுத்து வைத்தாள். தட்டு காலியாகும்வரை காத்திருக்கிற சட்டத்தை அப்பாவே மறந்துவிட்டார்.

"எப்படி?"

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அம்மா கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டு, "உப்பே இல்லைங்க. வாயில வைக்க விளங்கல" என்றாள்.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டார்.

"போதும்" என்றாள் அம்மா.