கரண்ட் இல்லாத நேரம்

என் வீட்டுக்காரர் தருமன் ஷாக் அடித்துத்தான் செத்தார். இதைச் சொன்னால் திருவண்ணாமலையில் சிரிக்காத ஆள் இல்லை. ஏனென்றால் அப்போது ஊரிலேயே கரண்ட் இல்லை.

அந்த வருஷம் தினமும் பவர் கட். மற்ற மெக்கானிக்குகள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இவர் பெட்டிகளைத் திறந்து வேலை பார்ப்பார். "கரண்ட் போனாத்தான் எனக்கு தைரியம், கஸ்தூரி" என்பார்.

ஆசிரமத்துப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கும் ராமகிருஷ்ணன் ஒருநாள் ஆள் அனுப்பினார். வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன மைக்ரோவேவ் அடுப்பு சூடாகவில்லையாம். மிக்சியும் டிவியும் ரிப்பேர் பார்த்த மனுஷனுக்கு அந்த அடுப்பு புதுசு. கரண்ட் போகிறவரை காத்திருந்தார். பிளக்கையும் பிடுங்கினார். உள்ளே கைவிட்டார், அவ்வளவுதான்.

அவருடைய இரண்டு விரல் நுனியும் கருகியிருந்தது. போலீஸ்காரரிடம் காட்டினேன்.

"பீடி சுட்டிருக்கும் சார். சாராயம் ஜாஸ்தியாகி வுழுந்துட்டான்" என்றார் ராமகிருஷ்ணன்.

பீடியும் தொடாத, சாராயமும் தொடாத மனுஷனைப் பற்றிக் கூசாமல் சொன்னார். "கரண்ட் இல்லாதப்ப ஷாக்காம்மா?" என்று போலீஸ்காரரும் சிரித்தார். அன்றிலிருந்து நான் குடித்துச் செத்தவன் பெண்டாட்டி. வயிறு கேட்கவில்லை, அதே லாட்ஜில் பெருக்கித் துடைக்கப் போனேன். அந்த ஆள் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லமாட்டாரா என்று தினமும் அவர் மூஞ்சியைப் பார்ப்பேன்.

அவர் செத்தப்புறம் மெட்ராஸ் ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போன அடுப்பு, போன வாரம் மறுபடி நின்றது. ஊருக்கு வந்திருந்த ராமகிருஷ்ணனின் மாப்பிள்ளை மூடியைக் கழற்றினார். உள்ளே கரப்பான்பூச்சி. கரண்ட்டும் அப்போதுதான் போனது.

ராமகிருஷ்ணன் ஒரு துணியை என் கையில் திணித்தார். "உள்ள நல்லா கைய வுட்டுத் தொடச்சிடு."

நான் முந்தானையைச் செருகுவதற்குள் மாப்பிள்ளை, "நீங்க இருங்கம்மா" என்று குனிந்தார்.

"மாப்ளே! கைய எடுங்க!" ராமகிருஷ்ணன் பாய்ந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

"கரண்ட்டே இல்லியே மாமா?"

"இல்லாட்டி என்ன? உள்ள இருக்கிற அந்த டப்பா கண்டன்சர். ட்ரான்ஸ்பார்மர் குடுக்கிற கரண்ட்ட ரொப்பி வெச்சிக்கினு, அடுத்த தடவ வர்றதோட சேத்து டபுளா தள்ளும். ஆயிரக்கணக்குல வோல்ட்டு. நிறுத்தினதும் அத வடிக்கிறதுக்கு உள்ள ஒண்ணு இருக்குது. அது கெட்டுப்போனா பிளக்க புடுங்கினாலும் அப்படியே நிக்கும். ஆளையே கொன்னுடும்னு மெட்ராஸ்காரன் அன்னிக்கே சொன்னான்."

"அப்ப என் வூட்டுக்காரர் குடிச்சு சாவலயே?"

"அப்ப எனக்குத் தெரியாதும்மா."

"இப்ப தொடைக்கச் சொல்லித் துணியக் குடுத்தீங்களே, அப்ப தெரியுமா?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"மாப்ள பயந்துட்டாரு பாரு" என்றார். "போய் தண்ணி கொண்டா."