வினைமுற்று

கிரேனில் கொக்கி மாட்டுகிறவர் தம் வலதுகால் பூட்ஸைக் கொண்டுவந்து மேற்பார்வையாளரின் மேசைமேல் வைத்தார். முனையில் இரும்புத் தொப்பி பதித்த பூட்ஸ் அது. தொப்பியும் தோலுமாக, லாரி ஏறிய தகரடப்பாவைப் போல நசுங்கியிருந்தது. நாடாவை இறுக்கிக் கட்டச் சொல்லி மேற்பார்வையாளர் அவரை எத்தனையோ முறை கடிந்ததுண்டு. இன்று நாடா தளர்ந்திருந்ததால்தான் கால் வெளியே வந்தது.

"ஒத்தக் கால் பூட்ஸ் ஸ்டோர்ல குடுப்பாங்களா சார்? இல்ல, இன்னொரு காலுக்கும் ஆகட்டும்னு காத்திருக்கணுமா?"

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. சிரிக்க வைப்பதற்காகக் கொக்கிக்காரர் அதைச் சொல்லவும் இல்லை.

"பாக்கலாம்."

"நீங்க நிதானமா பாருங்க சார். அதுவரைக்கும் நான் ஒத்தக்கால்ல நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் காலுறையுமாக அவர் வெளியேறினார்.

அது இரும்புத் தகட்டுக் கிடங்கு. கூரையை ஒட்டி ஓடும் கிரேனை அதன் கூண்டில் உட்கார்ந்து இயக்குகிறவர் மேற்பார்வையாளருடைய மனைவியின் அண்ணன். கீழே நிற்கிறவர் கையசைப்பார். மேலே இருக்கிறவர் அதைப் பார்த்து இயக்குவார். கூண்டுக்கு நேர் கீழே, சுவரோரத்தில் மட்டும் கை தெரியாது, அங்கே குரல்தான். காலையில் தகட்டுக் கட்டு ஒன்று அந்த இடத்தில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்க வேண்டிய மரக்கட்டை விலகிக் கிடக்கவே, கொக்கிக்காரர் அதைக் காலால் தள்ளிக்கொண்டே, "எறக்காதீங்கண்ணே!" என்று கத்தினார். மேலே போய்ச் சேர்ந்தது, "எறக்குங்கண்ணே!" இரண்டுக்கும் தலையும் ஒன்றே, வாலும் ஒன்றே; மறுப்பு நடுவில் ஒளிந்துகொண்டிருக்கிறது. மூத்தவராயிற்றே என்று பாராமல் 'நில்லு' என்று அதட்டியிருந்தால் ஒருவேளை கேட்டிருக்கும். மரியாதை ஒரு காலைக் கொண்டுபோகப் பார்த்தது.

மைத்துனருக்குக் காது மந்தமாகி வருவது மேற்பார்வையாளருக்குப் புதுச் செய்தி அன்று. சொல்லிவிட வேண்டும் என்று அவர் பலமுறை கிளம்பியதுண்டு. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவது அவருக்குப் பெரும் வசதியாக அமைந்துவிட்டது. "மச்சான், இனிமே நீங்க கிரேன்ல ஏற..." என்று தொடங்குவார். மைத்துனர் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பார். வாக்கியம் அந்த இடத்தில் மெல்லத் திரும்பிக்கொண்டு, "...ஏறும்போது பாத்து ஏறுங்க, படி வழுக்குது" என்று முடியும். பிறரிடமும் இதே கதைதான். விடுப்பு மறுக்க வேண்டியவரிடமும், கண்டிக்க வேண்டியவரிடமும் அவர் பேச்சு முக்கால்வாசி வந்து நின்றுவிடும். கிடங்கில் அவருக்கு 'முக்கால்' என்றே பெயர். அது அவருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருந்து வந்தார்.

மற்ற இடங்களில் அது வெறும் கோழைத்தனம். மைத்துனர் விஷயத்தில் அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. வேலையும் பெண்ணும் அவருக்கு மைத்துனர் என்ற ஒரே வாயின் சிபாரிசில் கிடைத்தவை. தவிர, தரையில் நடக்கும்போது மைத்துனருக்கு முதுகு லேசாகக் கூனியிருக்கும். கூண்டில் உட்கார்ந்ததும் நிமிர்ந்துவிடும். லாரிகளை எடைபோடும் எடைமேடையில் ஒரு வேலை காலியாகத்தான் இருந்தது. 'அங்கே அனுபவசாலி தேவை என்று மேலிடத்தில் சொல்கிறார்கள்' என்று தொடங்கலாமா என மேற்பார்வையாளர் யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி போனில் கூப்பிட்டாள். செய்தி அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

"அண்ணன் வீட்டு டிவி பக்கத்துத் தெருவுக்கே செய்தி வாசிக்குது. அண்ணி என்னைக்கோ அழுது ஓஞ்சிட்டாங்க. இன்னும் யாருக்குத் தெரியணும்னு காத்திருக்கீங்க?"

"நீ வேணா ஒரு வார்த்தை..."

"நான் சொன்னா தங்கச்சி தொணதொணக்கறான்னு போயிடுவாரு. அந்த ஆளுக்குக் கால் போயிருந்தா, அவர் வீட்டுக்கும் என்னையத்தான் அனுப்புவீங்களா?"

அவர் போனை வைத்தபிறகும் பூட்ஸ் எதிரே இருந்தது.

சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மைத்துனர் கையுறையை மாட்டிக்கொண்டு ஏணியின் முதல் படியில் கால் வைத்திருந்தார். மேற்பார்வையாளர் அவரைத் தனியாக அழைத்துப் போகத்தான் நினைத்தார். ஆனால் தனியிடத்தில் தம் வாக்கியம் மறுபடி திரும்பிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 'வேண்டாம்' என்றால் யோசனையாகிவிடும். 'கூடாது' என்பதுதான் சரியான சொல். அதை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"மச்சான், இனிமே நீங்க மேல ஏறக் கூடாது."

மைத்துனர் படியிலிருந்து காலை எடுக்காமலே திரும்பி, கையுறையோடு காதைக் குவித்தார். "என்ன மாப்ள?"

பக்கத்தில் சங்கிலி இழுத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அவரைப் பார்த்து அடுத்தவரும் நிறுத்தினார். மெல்லச் சொல்லக்கூடிய செய்தியாக அது இனி இல்லை.

"மேல ஏறக் கூடாது மச்சான்! உங்களுக்குக் காது கேக்கல!"

தகரக் கூரை அதை வாங்கி இன்னொரு தடவை சொல்லிற்று. கொக்கிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மைத்துனர் காலைத் தரையில் வைத்தார். ஒவ்வொரு விரலாக இழுத்துக் கையுறையைக் கழற்றினார்.

"மொதல்லயே கேட்டுச்சு" என்றார். "நீ முழுசா சொல்றியான்னுதான் பாத்தேன்."

உண்மையிலேயே கேட்டதா, சபையில் மானம் காக்கச் சொன்னதா என்பது மேற்பார்வையாளருக்குப் புரியவில்லை. அதை இனி எப்போதும் கேட்கவும் முடியாது.

"அவன் காலுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மச்சான்."

"எறக்குன்னுதான் மாப்ள காதுல விழுந்துச்சு. சத்தியமா."

"தெரியும்."

மைத்துனர் ஏணியை அண்ணாந்து பார்த்தார். "என் கண்ணாடி மேல இருக்கு." பிறகு, தயங்கி, "போய் எடுத்துட்டு வந்துடட்டுமா?" என்றார். அவர் தம்மிடம் இதுவரை எதற்கும் அனுமதி கேட்டதில்லை என்பது மேற்பார்வையாளருக்கு உறைத்தது.

"நீங்க இருங்க மச்சான். நான் எடுத்துட்டு வரேன்."

ஏணி அவர் நினைத்ததைவிடச் செங்குத்தாக இருந்தது. கூண்டுக்குள் ஒரு துணி மெத்தை, தண்ணீர்ப் புட்டி, எண்ணெய்த் துணி. மூக்குக்கண்ணாடியைத் தேடினார், இருக்கைக்கு அடியிலும் இல்லை. அது மைத்துனரின் சட்டைப்பையிலேயே இருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது. நிமிர்ந்தபோது கம்பிக்கு வெளியே விரல் மட்டுமே நுழையும் இடுக்கில், முகம் மழிக்கிற கண்ணாடி ஒன்று முறுக்குக் கம்பியால் கட்டப்பட்டிருப்பதைக் கண்டார். காதுக்கு எட்டாததைக் கண்ணால் பார்க்க, கூண்டுக்கு நேர் கீழே, சுவரோரத்தைக் காட்டும்படி மைத்துனர் அதைச் சாய்த்து வைத்திருந்தார். கம்பி கட்டிய இடத்தில் துரு ஏறி வெகுநாளாகியிருந்தது. மைத்துனர் சொன்ன கண்ணாடி இதுதானோ என்னவோ, அதன்மேல் இரும்புத் தூள் படிந்திருந்தது.

அவர் விரலை நீட்டி அதைத் துடைத்தார். துடைத்த அளவில், உள்ளங்கையகலத்துக்கு, கீழே மைத்துனர் தெரிந்தார். கழற்றிய கையுறைகளை மார்போடு பிடித்துக்கொண்டு, அண்ணாந்து, அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.