இடித்தவனிடம் இன்சூரன்ஸ் இல்லை

2004 ஆவணியில், செங்கம் ரோட்டில் நிறுத்தியிருந்த தருமனின் ஆட்டோ மீது ஒரு டிராக்டர் மோதியது. டீ குடிக்கப் போயிருந்ததால் தருமன் உயிர் பிழைத்தான். ஆட்டோ நசுங்கிவிட்டது. டிராக்டருக்கு இன்சூரன்ஸே இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார்.

தருமன் வருடம் தவறாமல் இன்சூரன்ஸ் கட்டியவன். ரசீதோடு ஆபீசுக்குப் போனான்.

"நீங்க எடுத்தது தேர்டு பார்ட்டி பாலிசிங்க," என்றார் அதிகாரி. "நீங்க யாரையாவது இடிச்சா அவங்களுக்கு நாங்க தருவோம். உங்க வண்டிக்கு இடிச்சவன்தான் தரணும்."

"அவன்கிட்ட இன்சூரன்ஸ் இல்லீங்களே."

"கேஸ் போடுங்க. கோர்ட்டு அவனையே கட்டச் சொல்லும்."

வீட்டுக்கு வந்து மனைவி சரோஜாவிடம், "நான் இடிச்சிருந்தா அவனுக்குக் கெடச்சிருக்கும்," என்றான்.

கேஸ் போட்டான். மூன்று வருடம் கழித்து, டிராக்டர்காரனே கட்ட வேண்டும் என்று கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் டிராக்டர்காரன் நிலத்தை மச்சான் பேருக்கு மாற்றி, டிராக்டரையும் விற்றிருந்தான். அவனிடமிருந்து எதுவும் வரவில்லை.

அதுவரை கூலி வேலை செய்த தருமன், வாடகை ஆட்டோ ஓட்டப் போனான். சாவியை வாங்கும்போது, "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குங்களா?" என்று கேட்டான்.

"அது ஜாஸ்தி ஆவுது. தேர்டு பார்ட்டியே போதும்," என்றார் ஓனர்.

தருமன் வண்டியை எடுத்தான்.